ஈஸ்வரியின் பல குரல்கள்

தேவிகுளம் எஸ்டேட் லயங்களில் மாரியம்மன் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் எல்.ஆர்.ஈஸ்வரிதான். தேயிலைச் சரிவெங்கும் கேட்கும் அந்தக் கணீர்க் குரலுக்கு உரியவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். கோரஸில் பாடத் தொடங்கியவர். 1958இல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி.மகாதேவன் அவருக்குத் தனிப்பாட்டு தந்தார். 1961இல் 'பாசமலர்' கல்யாணப் பாட்டு அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

'பணமா பாசமா'வில் (1968) பழம் விற்பவளின் துடுக்கு. 'வெள்ளி விழா'வில் (1972) காதோரக் கிசுகிசுப்பு. கிளப் நடனப் பாட்டில் சிரிப்பையும் பெருமூச்சையும்கூடத் தாளத்துக்குள் நிறுத்துவார். அம்மன் பாட்டில் பம்பையும் உடுக்கையும் முழங்க, அவற்றுக்கும் மேலே ஏறி நிற்பார்.

ஐரோப்பிய ஆப்ராவில் தோழி, தாய், சூனியக்காரி, 'கார்மென்' நாயகி ஆகிய வேடங்கள் பெரும்பாலும் மெஸ்ஸோ சொப்ரானோ எனும் இடைநிலைப் பெண்குரலுக்கே வரும். நம் திரையில் அப்படிப் பல வேடங்களைக் குரலாலேயே கட்டியவர் ஈஸ்வரி. அவரைக் கவர்ச்சிப் பாடகி என்று சுருக்குவது நம் செவியின் குறை.