ஒரே தலையில் இரண்டு முடி

ரிலாக்ஸர் போட்டு நீட்டிய முடி எத்தனை நாள் விட்டாலும் பழையபடி சுருளாது. ரிலாக்ஸரைக் கைவிட நினைக்கும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான். டப்பாவில் விற்கும் அந்தக் களிம்பின் மூலச்சரக்கு சோடியம் ஹைட்ராக்சைடு, நம் ஊர்க் காஸ்டிக் சோடா, ஆங்கிலத்தில் 'லை'. 'லை இல்லாதது' என்று அட்டையில் போட்டு விற்பதில் கால்சியம் ஹைட்ராக்சைடும் குவானிடின் கார்பனேட்டும் கலந்து வேறொரு காரம் உண்டாகிறது. பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. முடியின் புரத இழைகளைக் குறுக்கே கட்டிப்போட்டிருக்கும் கந்தகப் பிணைப்புகளை அந்தக் காரம் உடைத்து, பழைய நிலைக்குத் திரும்ப முடியாத வேறு பிணைப்பாக மாற்றிவிடுகிறது. ஆகவே பட்ட முடி பட்டதுதான். மயிர்க்காலிலிருந்து மாதம் சுமார் அரை அங்குலம் வளரும் புது முடியோ பிறவிச் சுருளோடு வருகிறது. ஆறு மாதம் போனால் வேரில் மூன்று அங்குலம் அடர்ந்த சுருட்டை, அதற்குக் கீழே தோள்வரை உயிரற்ற கோரை.

இதற்கு அங்கே இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, ரசாயனம் பட்ட பகுதி முழுவதையும் ஒரே நாளில் வெட்டியெறிவது. 'பிக் சாப்' என்பார்கள். பாடகி சொலாஞ்ச் நோல்ஸ் 2009-இல் அப்படி ஒட்ட வெட்டிக்கொண்டபோது ஊரே அதைப் பேசியது. மற்றது 'ட்ரான்சிஷனிங்'. நீளத்தை விட்டுக்கொடுக்காமல், புது முடி போதுமான அளவு வளரும்வரை இரண்டையும் ஒரே தலையில் வைத்து, பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே முடிபோலத் தெரியும்படி ஒப்பேற்றுவது. ஓராண்டும் ஆகும், இரண்டாண்டும் ஆகும். இதை மென்மையான வழி என்று பரிந்துரைப்பவர்கள் உண்டு, கோழைகளின் வழி என்று கேலி பேசுபவர்களும் உண்டு. இரண்டு பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. இந்த முறை நல்லதா கெட்டதா என்பதை நான் ஒரே ஒரு கேள்வியால் அளப்பேன்: எந்த முடியை எந்த முடிபோல ஆக்கப் பார்க்கிறார்கள்?

கோழைத்தனம் என்பவர்கள் பழைய கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். முடியை நீட்டும் களிம்பை நூறாண்டுக்கு முன்பே விற்றவர்களில் ஒருவர் காரெட் மார்கன். 1923-இல் போக்குவரத்து சிக்னலுக்குக் காப்புரிமை வாங்கிய அதே மனிதர். கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் தன் சுயசரிதையில், இளவயதில் பாஸ்டனில் லையோடு முட்டையும் உருளைக்கிழங்கும் கலந்து தலையில் அப்பிக்கொண்டு எரிச்சலில் துடித்ததைச் சொல்கிறார். தன்னைத் தானே தாழ்த்திக்கொண்ட செயல் அது என்று பின்னாளில் நொந்துகொண்டார். 1954-இல் சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் தொடங்கிய நிறுவனம் ரிலாக்ஸரை வீட்டுச் சரக்காக்கியது. 1975-இல் அமெரிக்க வணிக ஆணையம் தலையிட்ட பிறகு, டப்பாவில் எச்சரிக்கை வாசகம் அச்சிட அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆபத்து தெரிந்துதான் இருந்தது. இருந்தும் பெண்கள் விடவில்லை, விட முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்கு நீதிமன்ற ஏடுகளே சாட்சி. விமான நிலையத்தில் வேலை பார்த்த ரெனே ராஜர்ஸ் என்ற பெண், தலையோடு ஒட்டிப் பின்னிய 'கார்ன்ரோ' சடையோடு பணிக்கு வரக்கூடாது என்ற அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விதியை எதிர்த்து வழக்குப் போட்டார். 1981-இல் நியூயார்க் நீதிமன்றம் விமான நிறுவனத்தின் பக்கம் நின்றது. அலபாமாவில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வேலையை, அவர் சடாமுடியை வெட்ட மறுத்ததற்காகத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை இனப்பாகுபாடாக ஏற்கவில்லை. பிறந்த முடியைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு செய்யக்கூடாது என்று முதன்முதலாகச் சட்டம் போட்ட மாநிலம் கலிஃபோர்னியா, அதுவும் 2019-இல்தான். இந்த நிலையில் ஒரு பெண் திங்கட்கிழமை காலை ஒட்ட வெட்டிய சுருளோடு அலுவலகம் போவதற்குத் தயங்கினால், அது சம்பளத்தைப் பற்றிய தயக்கம். கொஞ்சம் கொஞ்சமாக மாறினால் மேலாளர் கண்ணுக்கு ஒரு நாளும் அதிர்ச்சி இருக்காது. ட்ரான்சிஷனிங்கின் முதல் பலம் இது. அழகுக் குறிப்புகள் எழுதுபவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இரண்டாவது பலம் உடல்நலம் சார்ந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். முடியை நீட்டும் பொருட்களைத் தொடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் அது 4.05 சதவீதம். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்லவில்லை. ஆய்வாளர்களும் அப்படித்தான் சொன்னார்கள். எப்படியானாலும், உச்சந்தலையில் களிம்பு படுவது நின்ற நாளே புதிதாக ரசாயனம் சேர்வதும் நின்றுவிடுகிறது. முடியை வெட்டினீர்களா, வைத்துக்கொண்டீர்களா என்பது இந்தக் கணக்கில் வராது. பிக் சாப்பின் ஆதரவாளர்கள் 'விஷத்தை வெட்டியெறி' என்று முழங்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள். நெற்றி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தொட்டுக்கொள்கிறேன் என்று பாதி வழியில் மீண்டும் டப்பாவைத் திறப்பவர்களுக்கு மட்டும் இந்த ஆறுதல் பொருந்தாது.

இனி கைவேலைக்கு வருவோம். இரண்டு முடியையும் ஒன்றுபோலக் காட்டுவதற்கு அதிகம் செய்யப்படுவது 'ட்விஸ்ட் அவுட்'. குளித்த ஈரம் முக்கால்வாசி வடிந்த முடியைப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கழுவத் தேவையில்லாத கண்டிஷனரைத் தடவி, இரு புரியாக முறுக்கிக்கொண்டே வர வேண்டும். வேர்ப்பக்கச் சுருட்டை முறுக்கைப் பிடித்துக்கொள்ளும். கீழே வரவர கோரை நுனி வழுக்கிக்கொண்டு தானாகப் பிரியும். அதனால் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தை ஒரு சின்ன பிளாஸ்டிக் உருளையில் சுற்றிப் பூட்ட வேண்டும். சாட்டின் துணியால் தலையைக் கட்டிக்கொண்டு தூங்கி, காலையில் விரலில் எண்ணெய் தொட்டுப் பிரித்தால் வேரிலும் நுனியிலும் ஒரே மாதிரி அலை நிற்கும். உள்ளே துளி ஈரம் இருக்கும்போது அவசரப்பட்டுப் பிரித்தால் வேர் புஸ்ஸென்று எழும்பும், நுனி தொங்கிவிடும். அன்று பகல் முழுக்கப் பரட்டைத் தலைதான். புழுக்கமான நாளிலும் நுனிச் சுருள் மதியத்துக்குள் கலைந்துவிடும். தண்ணீரால் பிடித்த வளைவு தண்ணீராலேயே போகிறது.

அலுப்பான வேலை என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் இதை நான் நல்ல பக்கத்தில் எழுதுவேன். இங்கே செத்த நுனிதான் உயிருள்ள வேரைப் போல வேஷம் கட்டுகிறது. கெட்டால் கெடுவது எப்படியும் வெட்டிப் போகிற பகுதி. அத்தோடு கைக்கும் ஒரு படிப்பு கிடைக்கிறது. ரிலாக்ஸர் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வேலையை முடித்துவிட்டதால், பிறவிச் சுருளை எப்படிக் கையாள்வது என்றே தெரியாமல் வளர்ந்தவர்கள் அங்கே ஏராளம். பாகம் பிரிப்பது, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பது, சீப்புக்கு முன் விரலை விடுவது எல்லாவற்றையும் இந்த மாதங்களில் கற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்த முறை நேரெதிர். அயர்ன் பெட்டிபோல் சுடும் தட்டை இடுக்கியால் வேர்ப்பக்கச் சுருட்டையை இழுத்து நேராக்கி, கீழே இருக்கும் கோரையோடு பொருத்திவிடுவது. சீக்கிரம் முடியும் வேலை, பார்க்கவும் பளபளப்பாக இருக்கும். எனக்கு இதில் சிறிதும் சம்மதமில்லை. சூடு அளவு மீறினால் முடியின் புரதமே சிதைந்து, அடுத்த முறை நனைத்தாலும் சுருள் திரும்பாது. ரசாயனத்தால் போன சுருளை மீட்கத்தானே ரிலாக்ஸரை விட்டார்கள்? அதையே சூட்டால் தொலைத்தால் ஓராண்டுப் பொறுமைக்கு என்ன பொருள்? என்றோ ஒரு திருமணத்துக்குச் செய்வதை விட்டுவிடலாம். வாராவாரம் செய்பவர் ரிலாக்ஸரின் பெயரை மட்டும்தான் மாற்றியிருக்கிறார்.

மூன்றாவது முறை மறைப்பு: செயற்கை முடி சேர்த்த 'பாக்ஸ் பிரெய்ட்', விக், 'வீவ்'. சவுரி வைத்துப் பின்னிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. சொல்லப்போனால் நமக்கு இதில் நேரடிப் பங்கே உண்டு. அமெரிக்க நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக்கின் 2009-ஆம் ஆண்டு ஆவணப்படமான 'குட் ஹேர்' திருமலைக்கே கேமராவைக் கொண்டுவந்தது. அங்கும் பழனியிலும் நேர்ந்துகொண்டு இறக்கிய முடி ஏலத்தில் போய், சுத்தம் செய்யப்பட்டு, கப்பலேறி அமெரிக்கத் தலைகளில் தைக்கப்படுகிறது. 'வீவ்' முறையில் தன் முடியை அடியில் ஒட்டிப் பின்னி அதன்மேல் இந்த முடியைத் தைக்கிறார்கள். உச்சியில் ஒரு கற்றையை மட்டும் வெளியே விட்டு மேலே மூடுவது வழக்கம். நம் பக்கத்து முடி கோரையாக இருப்பதால் அந்தக் கற்றையை இடுக்கியால் நீட்டியே ஆக வேண்டும். ஆக, முன்னே தன் பழைய முடியைப் பார்த்துப் போட்ட வேஷத்தை இப்போது எங்கோ ஒரு பக்தையின் காணிக்கையைப் பார்த்துப் போடுகிறது புது முடி.

மறைப்பை நான் முற்றிலும் தள்ளவில்லை. தினமும் சீப்பு படாமல் இருப்பது இரண்டு முடியும் சந்திக்கும் இடத்துக்கு நல்லது. மொத்த முடியிலும் பலவீனமான புள்ளி அதுதான். மேலே சுருள் ஒரு பக்கம் இழுக்க, கீழே நலிந்த கோரை சிக்கிக்கொள்ள, ஒரு முரட்டுச் சீப்பு போதும், அங்கே படக்கென்று ஒடியும். ஆனால் இறுக்கிப் பின்னினால் பாரம் மயிர்க்காலுக்குப் போகிறது. நெற்றியோரம் வழுக்கையாகிப் போன பெண்களைத் தோல் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்க்கிறார்கள். இழுவை தொடர்ந்தால் அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காமலே போகலாம். 'பாதுகாப்பு அலங்காரம்' என்று பெயர் வைத்துவிட்டதாலேயே ஒன்று பாதுகாப்பாகிவிடாது. பின்னிய அன்றிரவு தலைவலித்தால் அவிழ்த்துவிட வேண்டும்.

ட்ரான்சிஷனிங்கின் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது தன் முடியைப் பற்றிய பொய்யான படத்தைப் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறது. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர், சுருளின் நெருக்கத்தைப் பொறுத்து முடியை ஒன்று முதல் நான்கு வரை வகைப்படுத்தினார். பிறகு வந்தவர்கள் 4சி வரை நீட்டினார்கள். மூன்றாம் வகையின் வளையச் சுருளுக்குக் கிடைக்கும் மதிப்பு 4சியின் நெருங்கிய சுருளுக்குக் கிடைப்பதில்லை. கறுப்பு அழகு பேசும் இடத்திலும் இந்த ஏற்றத்தாழ்வு ஒழியவில்லை. ஈராண்டு காலம் உருளையும் முறுக்கும் வைத்துத் தளர்ந்த அலையையே கண்ணாடியில் பார்த்துப் பழகியவர், கடைசி நுனியை வெட்டிய நாளில் தன் முடி பாதிக்கும் கீழாகச் சுருங்கி நிற்பதைப் பார்த்து அதிர்கிறார். 'இது என் முடியா?' என்று மீண்டும் ரிலாக்ஸரிடம் போனவர்களும் உண்டு. பிக் சாப்பில் இந்த அதிர்ச்சி முதல் நாளே வந்து போய்விடும். சிமமாண்டா என்கோசி அடிச்சியின் 'அமெரிக்கானா' நாவலின் நாயகி இஃபெமெலு, வேலை நேர்காணலுக்காக முடியை நீட்டித் தலை புண்ணாகி, முடி கொட்டத் தொடங்கியதும் தோழியின் கையால் வெட்டிக்கொள்கிறாள். கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காமல் சில நாள் வேலைக்குக்கூடப் போகாமல் இருந்துதான் அதைத் தாண்டுகிறாள். அந்தச் சில நாட்களை ட்ரான்சிஷனிங் இரண்டாண்டு தள்ளிப்போடுகிறது, அவ்வளவே.

தள்ளிப்போடுவதற்கு வியாபாரமும் துணை. வேருக்கு ஒரு ஜெல், நுனிக்கு ஒரு புரதக் களிம்பு, சந்திப்புக்கு ஒரு தைலம் என்று அடுக்கலாம். ஒரே தலை, இரட்டைச் செலவு.

நம் ஊரிலும் பார்லரில் ஸ்ட்ரெயிட்டனிங் செய்த பெண்களுக்கு ஆறு மாதத்தில் வேரில் சுருட்டை எட்டிப் பார்க்கிறது. ரசாயனம் பெரும்பாலும் வேறு. பின்னால் உள்ள சரித்திரமும் வேறு என்பதால் இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். கைவேலை மட்டும் அப்படியே பொருந்தும்.

என் தீர்ப்பு இது. ட்ரான்சிஷனிங் நல்ல முறைதான், கத்தரிக்கோலும் அதில் சேர்ந்திருந்தால். முன்பு எட்டு வாரத்துக்கு ஒருமுறை ரிலாக்ஸர் போட்ட அதே நாளில் இப்போது நுனியை வெட்டுங்கள். எட்டு வாரத்தில் வளர்வது சுமார் ஒரு அங்குலம். ஒரு அங்குலம் வெட்டினால் நீளம் மாறாது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். பன்னிரண்டு அங்குலக் கோரை இரண்டாண்டில் தீர்ந்துவிடும். இரண்டு அங்குலமாக வெட்டினால் ஓராண்டு போதும், கையில் ஆறு அங்குலம் சொந்த முடி இருக்கும். மாதத்துக்கு ஒரு நாளாவது உருளையோ முறுக்கோ இல்லாமல் வேர்முடியை நனைத்து அதன் போக்கில் காயவிட்டுப் பாருங்கள். வெட்டுவதற்கு நாள் குறிக்க மனமில்லை என்றால், பேசாமல் இன்றைக்கே ஒட்ட வெட்டிக்கொள்வது மேல்.