தாலியைக் கழற்றுவது யார் கை?

கணவன் இறந்த பெண்ணுக்குத் தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலும் இட்டு, கடைசியாக ஒருமுறை அலங்கரித்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பறிக்கும் சடங்கு தருமபுரி வட்டார ஊர்களில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. எந்த நாள், எந்த வேளை என்பது சாதிக்குச் சாதி மாறும். வளையலை உடைப்பார்கள், தாலியைக் கழற்றிப் பாலில் போடுவார்கள், பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரும்.

இதை மூடத்தனம் என்று ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் இனி இல்லை என்று அறிவு ஒப்புக்கொண்டாலும், கை பழக்கத்தில் இரண்டு தட்டுதான் எடுத்து வைக்கும். கழுத்திலிருந்து ஒரு பொருள் இறங்கும்போதுதான் இழப்பு உடம்புக்குப் புரிகிறது. கூடவே ஒப்பாரி இருக்கிறது. மாமியார் வீட்டின் மீதுள்ள மனத்தாங்கலைக்கூட அதில் வைத்துப் பாடலாம். மற்ற நாளில் அப்படிப் பேச முடியுமா?

ஆனால் கழற்றுவது அவள் கை அல்ல. எப்போது, எதை, எவ்வளவு என்று எதையும் அவளிடம் கேட்பதில்லை. துக்கத்தை இறக்கிவைக்க வேண்டிய செய்கை, அவளை அடையாளமிட்டு ஒதுக்கும் செய்கையாகிவிடுகிறது.

வேறு வழி இந்த மண்ணிலேயே இருந்திருக்கிறது. தகடூரை (இன்றைய தருமபுரியை) ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டில், மயிற்பீலி சூட்டிய நடுகல்லும் சிறு கலத்தில் வார்க்கும் கள்ளும் வருகின்றன. இருவருக்கும் இடையே இருந்தது காதலா நட்பா என்று அறிஞர்கள் வாதாடட்டும். மனைவிக்குரிய உரிமை எதுவும் ஔவைக்கு இல்லை, துக்கம் இருந்தது. அந்தத் துக்கத்துக்குக் கல் போதுமானதாக இருந்தது, யாருடைய உடம்பும் தேவைப்படவில்லை. அதே காலத்து மனைவியருக்கோ அணிகலன் துறந்து, உணவு குறைத்து வாழும் கைம்மை நோன்புதான் விதி.

பிற்காலச் சதிக்கற்களைப் பாருங்கள். உடன்கட்டை ஏறியவளின் உயர்த்திய கையில் வளையல் செதுக்கியிருப்பார்கள். செத்தவளுக்கு வளையல் உண்டு, பிழைத்தவளுக்கு இல்லை. இதைவிட அப்பட்டமாக இந்தச் சடங்கின் கணக்கைச் சொல்ல முடியாது.

அவள் மனத்தில் இன்னொருவர் இடம்பிடித்தால்? 1856லேயே விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. தருமாம்பாள் அம்மையார் பெயரில் தமிழக அரசின் நிதியுதவியும் உண்டு. ஆனாலும் ஊர் சும்மா இருக்காது. அந்த மனிதர் வேறு சாதி என்றால் கேட்கவே வேண்டாம்: சாதி மீறிய ஒரு திருமணத்தைக் காரணம் காட்டி, 2012 நவம்பரில் நத்தம் காலனி உள்ளிட்ட தலித் குடியிருப்புகளை எரித்த மாவட்டம் இது. அப்படிப்பட்ட உறவு முறிந்தால், அல்லது அவர் இறந்தே போனால், அவள் அழுவதற்கு ஒரு நாளும் இல்லை, கழற்றிவைக்க ஒரு பொருளும் இல்லை. இந்தச் சடங்கின் பெருங்குறை என்று நான் கருதுவது இதைத்தான். ஊர் ஒப்பிய இழப்பு மட்டுமே அதன் கண்ணில் படுகிறது.

2022 மே மாதம் மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமம், வளையல் உடைப்பதையும் குங்குமம் அழிப்பதையும் நிறுத்தத் தீர்மானம் போட்டது. அரசும் மற்ற ஊர்கள் அதைப் பின்பற்றச் சொன்னது. நம் பக்கம் ஈரோடு மாவட்டத்தில், கைம்பெண் ஒருவர் கோயிலுக்குள் நுழைவதற்கே 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

சடங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாலியை ஒகேனக்கல் காவிரியில் விடுவதோ, பெட்டியில் வைத்துக்கொள்வதோ, கழுத்திலேயே அணிந்திருப்பதோ அவள் முடிவாக இருக்கட்டும். தருமபுரி மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபர் 2. ஆண்டுதோறும் அதே நாளில் கிராம சபையும் கூடுகிறது. ஹேர்வாட் போட்ட தீர்மானத்தை இங்கேயும் ஒரு ஊராட்சி முன்மொழியட்டும்.