பேச்சில்லாதவர்களின் இலக்கணம்

இலக்கண நூலை யாரும் நாவல் படிப்பதுபோலப் படிப்பதில்லை. நான் ஒன்றை அப்படித்தான் படித்தேன். பேஷன்ஸ் எப்ஸ் என்ற அமெரிக்க மொழியியல் அறிஞர் 2008ல் வெளியிட்ட ஹூப் மொழி இலக்கணம் அது. ஆயிரம் பக்கத்தை நெருங்குகிற புஸ்தகம். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததோடு நிறுத்திக்கொண்டவனுக்கு அதிலுள்ள கலைச்சொற்களில் பாதி புரியாது. புரியாத பக்கங்களைத் தாண்டிப் போனேன். தாண்டியது போக மிஞ்சியதே, சமீபத்தில் படித்த பல நாவல்களைவிட என்னை அதிகமாக யோசிக்க வைத்துவிட்டது.

ஹூப் பேசுகிறவர்கள் பிரேஸிலும் கொலம்பியாவும் சந்திக்கிற இடத்தில், வவுபேஸ் நதியில் கலக்கும் திக்கியே, பாப்புரி என்ற ஆறுகளை ஒட்டிய காட்டுக்குள் வசிக்கிறார்கள். சுமார் 1,500 முதல் 2,000 பேர் இருப்பார்கள். ஆற்றங்கரை துகானோ முதலிய இனத்தாருடையது. காட்டின் உட்புறம் இவர்களுடையது. வேட்டையாடிய இறைச்சியையும் உடலுழைப்பையும் கொடுத்துவிட்டு, கரையில் இருப்பவர்களிடம் மரவள்ளி மாவும் மற்றப் பண்டங்களும் வாங்கிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். இந்தக் கொடுக்கல் வாங்கலில் மரியாதை ஒரு பக்கம்தான் போகும். ஹூப்காரர் துகானோ பேசுவார். துகானோக்காரர் ஹூப் கற்றுக்கொள்வது அபூர்வம். இந்தப் பகுதி அடங்கிய சான் கப்ரியேல் நகராட்சி 2002ல் போர்த்துகீஸோடு மூன்று பூர்வகுடி மொழிகளுக்கும் ஆட்சிமொழி அந்தஸ்து கொடுத்தது. துகானோ அதில் இருந்தது. ஹூப் இல்லை.

வெளியார் இவர்களுக்கு இட்ட பெயர் 'மாக்கூ'. அரவாக் மொழியிலிருந்து வந்த சொல் என்றும், 'பேச்சில்லாதவன்' என்று அதற்குப் பொருள் என்றும் சொல்கிறார்கள். வசைச் சொல்தான். 'ஹூப்' என்றால் அவர்கள் பாஷையில் 'மனிதன்'. பேச்சில்லாதவர்களின் பேச்சை விவரிக்க ஆயிரம் பக்கம் தேவைப்பட்டிருக்கிறது!

இனி என்னைப் பிடித்து நிறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். ஹூப் பேசுகிறவன் ஒன்றைச் சொல்லும்போது, அது தனக்கு எப்படித் தெரியவந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறான். உதாரணத்தைத் தமிழில் நானே கட்டிப் பார்க்கிறேன். 'நாய் பன்றியைத் துரத்தியது.' கண்ணால் கண்டவன் இப்படியே சொல்லிவிடலாம். அவனுக்கு அடையாளம் எதுவும் வேண்டாம். இருட்டில் குரைப்பை மட்டும் கேட்டவன், பார்க்காமல் மற்றப் புலன்களால் அறிந்தேன் என்று காட்டும் ஓர் உருபைச் சேர்க்கவேண்டும். காலையில் கால்தடம் பார்த்து ஊகித்தவனுக்கு வேறோர் உருபு. பிறர் சொல்லக் கேட்டவனுக்கு இன்னொன்று. இதற்குமேலும் நுணுக்கங்கள் இருக்கின்றன, விட்டுவிடுகிறேன்.

'ராமநாதன் மனம் புழுங்கினான்' என்று கூசாமல் எழுதுகிறோமே, நமக்கு எப்படித் தெரியும்? பார்த்தோமா, கேட்டோமா, முகத்தை வைத்து ஊகித்தோமா? நாவலாசிரியனிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. கேட்காதது வாசகனின் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழ் வினையும் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

தமிழில் இந்த அடையாளம் அடியோடு இல்லாமலும் இல்லை. 'வந்தானாம்' என்றால் நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்று அர்த்தம். பாட்டிமார் கதை சொன்னபோது 'ஒரு ஊரிலே ஒரு ராஜாவாம், அவனுக்கு ஏழு பெண்டாட்டியாம்' என்றுதான் சொன்னார்கள். ஹூப் மக்களும் முன்னோர் கதைகளைச் சொல்லும்போது, கேள்விப்பட்டதைக் காட்டும் உருபை மறுபடி மறுபடி சேர்த்துக்கொண்டே போகிறார்கள். நம் கதை அச்சுக்கு வந்ததும் அந்த 'ஆம்' உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த இடத்தில் ஆசிரியன் உட்கார்ந்துகொண்டான், எல்லாவற்றையும் கண்ணால் கண்டவன்போல. நம் நாவலின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கலாம்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு, காட்டு மனிதன் பொய் அறியாதவன், இயற்கையின் குழந்தை என்று யாராவது உருகத் தொடங்கினால் எனக்குப் பொறுக்காது. பொய் சொல்ல நினைப்பவனுக்கு அடையாளம் இல்லாத வினை தயாராகவே இருக்கிறது. பார்த்தேன் என்று சாதிக்க வேண்டியதுதான். தவிர, இந்த அமைப்பு இவ்வளவு தூரம் வளர்ந்ததற்கு அண்டை வீட்டுத் துகானோவின் செல்வாக்கே பெரிய காரணம் என்று எப்ஸ் காட்டுகிறார். தங்களை மட்டமாக நினைப்பவர்களிடமிருந்து வந்த சம்பத்து!

இன்னொரு வேடிக்கை. வவுபேஸ் பிரதேசத்தில் பாஷைகளைக் கலந்து பேசுவது இழிவு. அதனால் இரண்டு மொழிகளும் சரளமாகப் பேசுகிற ஹூப்காரர்கள்கூடத் துகானோச் சொற்களை அதிகமாக எடுத்துக்கொள்வதில்லை. வாசலில் சொற்களைத் தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். இலக்கணம் கொல்லைப்புறமாக வந்து குடியேறிவிட்டது. வடசொல்லை நீக்கிவிட்டு இங்கிலீஷ் வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுகிற நம்மவர்கள் இதைச் சிரிக்காமல் படிக்கவேண்டும்.

எண்ணுப் பெயர்களைப் பற்றி எப்ஸ் 2006ல் தனியாகவே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஹூப்பில் இரண்டு என்பதற்குக் 'கண்ணளவு' என்று பொருள். மூன்று என்றால் ரப்பர் மரத்து விதையளவு. அந்தக் காய் மூன்று பிரிவாக இருக்கும். நாலு என்பது உடன்பிறப்போடு கூடியது. ஜோடி சேர்ந்துவிட்டது அல்லவா! ஐந்துக்கு ஒரு கை. பட்டியல் முழுவதும் எனக்குப் பிடித்திருந்தாலும் அந்த நாலைத்தான் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புஸ்தகத்தில் எனக்கு மனத்தாங்கலும் உண்டு. உதாரண வாக்கியம் ஒன்று ஆவலைக் கிளப்பிவிட்டு நின்றுவிடும். அதைச் சொன்னவன் அப்புறம் என்ன செய்தான் என்று நான் காத்திருப்பேன். ஆசிரியை உருபைப் பிரித்துக் காட்டிவிட்டு அடுத்த விதிக்குப் போய்விடுவார். இலக்கணக்காரரிடம் கதை கேட்பது அநியாயந்தான். ஆனால் வாக்கியத்தை இத்தனை நேர்மையாக எடுத்து வைக்கிறவர் கொஞ்சம் நின்று போகக்கூடாதா என்றிருக்கிறது.

தனிலோ பாய்வா ராமோஸ் என்ற பிரேஸில் மானிடவியலாளர் இவர்களுடைய மாலை நேரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பொழுது சாய்ந்ததும் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து, கோக்கா இலைப் பொடியை வாயில் போட்டுக்கொண்டு, புகையிலை பிடித்துக்கொண்டு, பழங்கதைகளும் மந்திரங்களும் பேசுவார்களாம். அந்த வட்டத்தில் சொல்லப்படும் கதைகளை, வாக்கியத்துக்கு வாக்கியம் வருகிற அந்த 'ஆம்' ஒன்றைக்கூட உதிர்க்காமல், யாராவது தமிழில் கொண்டுவந்தால் முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்வேன்.