துரைமாருக்குள் ஒரு வழக்கு

சாத்தான்குளம் பக்கத்தில் ‘துரை’ என்று ஒரு பெயர் இல்லாத தெரு கிடையாது. துரைராஜ், துரைப்பாண்டி, செல்லத்துரை, சும்மா துரை. அந்தக் காலத்தில் கலெக்டர் துரை. தேயிலைத் தோட்டத்து மானேஜர் பெரிய துரை, அவனுக்குக் கீழே இருந்தவன் சின்னத் துரை. காலனிய ஆவணங்களைப் படிக்கப் போகிறவனுக்கு இது திகைப்பைத் தரும். அங்கே அதிகாரியும் தோட்டக்காரனும் ஒருவரையொருவர் பிடிக்காத இரண்டு சாதிகள். தோட்டக்காரனுக்கு அதிகாரி லண்டன் காகிதத்துக்கு ஆடுகிறவன்; அதிகாரிக்குத் தோட்டக்காரன் லாபம் தவிர வேறொன்றும் தெரியாதவன். நம் மொழியோ இரண்டு பேரையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிட்டது. மொழி சரியாகப் பார்த்ததா, பார்க்காமலே விட்டுவிட்டதா என்பதுதான் என் கேள்வி.

கேள்விக்குக் காரணம் உண்டு. ‘வெள்ளக்காரன் காலத்துல மேல கேக்க ஒருத்தன் இருந்தாம்’லா’ என்கிற பேச்சு எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இன்னும் சாகவில்லை. கீழே உள்ள துரை கொடுமைக்காரன், மேலே லண்டனில் உள்ள துரை நியாயவான் என்பது அதன் உட்பொருள். தோழர்கள் சிலரிடம் கேட்டால், ‘ரெண்டும் ஒரே மூலதனம், அதுல என்னத்தவே தேடுதீரு?’ என்பார்கள். முதல் வாசிப்பு அடிமைத்தனம். இரண்டாவது சோம்பேறித்தனம். சண்டை நிஜமாகவே நடந்தது. எதைப் பற்றி நடந்தது என்பதைப் பார்க்கத்தான் இரண்டு வாசிப்பும் விடுவதில்லை.

எங்கள் தேரிக்காட்டில் எந்த வெள்ளைக்காரனும் குடியேற ஆசைப்பட்டதில்லை. செம்மணல், பனை, உடைமரம். அதிகாரி வந்தான், பாதிரி வந்தார். இடையன்குடியில் 1841 முதல் கால்டுவெல் இருந்தார். அது வேறு கதை. நிலத்தைப் பிடித்து உட்கார்ந்த வெள்ளையனை நம் சனங்கள் தூத்துக்குடியில் கப்பலேறிப் போய் இலங்கை மலையில்தான் பார்த்தார்கள். அவனும் முழுக் குடியேறி என்று சொல்ல முடியாது. சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்புகிற கனவு உள்ளவன். ஆனால் ஒரு குடியேறிக்கு உண்டான கோபங்கள் எல்லாம் அவனிடம் இருந்தன.

1854இல் கண்டியில் தோட்டத்துரைமார் ஒரு சங்கம் வைத்தார்கள். ரோடு போடு, ரயில் போடு, கூலியைக் கொண்டுவந்து சேர் என்று கவர்னரை விடாமல் நச்சரித்தார்கள். 1864இல் வேறொரு விஷயத்தில் சண்டை முற்றியது. இலங்கையில் இருந்த ராணுவத்தின் செலவை இலங்கை வருமானமே சுமக்க வேண்டும் என்று லண்டன் சொல்ல, சட்டசபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள், ஜார்ஜ் வால் முன்னின்று, ராஜினாமா செய்து வெளியேறினார்கள். 1865இல் ‘சிலோன் லீக்’ பிறந்தது. எங்களைக் கேட்காமல் எங்கள் வரிப்பணத்தில் கைவைக்காதே என்பது கோரிக்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே 1865இல்தான் 11ஆம் எண் சட்டமும் வந்தது. வேலையை விட்டுச் சொல்லாமல் போகிற கூலி கடன்காரன் மட்டுமல்ல, சிறைக்குப் போக வேண்டிய குற்றவாளி என்று எழுதிவைத்த சட்டம். லண்டனோடு மல்லுக்கு நின்ற துரைமார் இதோடு மல்லுக்கு நிற்கவில்லை. இந்த இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. உரிமை பேசுகிற பிரதியின் மௌனத்தை மற்றப் பிரதி சத்தமாகவே சொல்கிறது.

1872இல் தோட்டக் கூலிகளுக்கான மருத்துவச் சட்டம். ஆஸ்பத்திரிச் செலவு தோட்டக்காரன் தலையிலா, அரசாங்கத்தின் தலையிலா என்று இழுபறி. படுத்துக் கிடந்தவனை யாரும் கேட்கவில்லை. 1921இல் ‘துண்டு’ முறை ஒழிக்கப்பட்டது. கூலியின் கடன் கணக்கை எழுதிய காகிதம் அது. அதை வாங்குகிற தோட்டம் ஆளையும் வாங்கியதாகக் கணக்கு. ஒழித்ததை இந்திய அரசாங்கத்தின் கருணை என்று எழுதுகிறவர்கள் உண்டு. நெருக்கியது உண்மை. ஆனால் துரைமாரே ஒருவன் ஆளை ஒருவன் இழுத்து, முன்பணத்தை ஏற்றிக்கொண்டே போய்த் தங்கள் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. 1922இல் இந்தியக் குடியகல்வுச் சட்டம், 1923இல் இலங்கையில் இந்தியத் தொழிலாளர் சட்டம், கண்டியில் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43. உலக மந்தம் வந்ததும் அதிலும் வெட்டு.

அதே 1923இல் கென்யாவில் வெள்ளைக் குடியேறிகள் கவர்னரையே கடத்திக்கொண்டு போகத் திட்டம் போட்டிருந்தார்கள். இந்தியருக்குச் சம ஓட்டு கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். லண்டன் ஆப்பிரிக்கரின் நலனே தலையாயது என்று வெள்ளை அறிக்கை விட்டது. மேட்டு நிலம் மட்டும் வெள்ளையருக்கென்றே இருந்துகொண்டது.

லண்டன் எப்படி எழுதும் என்பதை முழுசாகப் பார்க்க நேட்டாலுக்குப் போக வேண்டும். சென்னையில் ஏறி 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பலில் போனவர்கள் கரும்புக்காட்டு வேலைக்காக இறங்கிய நாடு அது. 1894இல் அங்கிருந்த வெள்ளையர் ஆசியருக்கு ஓட்டு இல்லை என்று மசோதா கொண்டுவந்தார்கள். காந்தி சுமார் 10,000 கையெழுத்தோடு ரிப்பனுக்கு மனு அனுப்பினார். ரிப்பன் அப்போது லண்டனில் காலனி மந்திரி. 1883இல் இல்பர்ட் மசோதாவுக்காக இந்தியாவிலிருந்த வெள்ளையரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர், நம் சென்னை ரிப்பன் கட்டிடத்தின் பெயரில் இருப்பவர். மசோதாவுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. மனு ஜெயித்தது என்று இங்கே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். 1896இல் வந்த சட்டத்தையும் படிக்க வேண்டும். அதில் ஆசியர் என்ற சொல் இல்லை. நாடாளுமன்ற முறைத் தேர்தல் இல்லாத நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஓட்டு இல்லை என்று இருக்கிறது. ரிப்பனுக்குப் பின் வந்த சேம்பர்லின் ஏற்றுக்கொண்டார். 1897இல் குடிவரவுக்கு எழுத்துப் பரீட்சை. அதிலும் இனத்தின் பெயர் இல்லை. இந்த வழியை மற்றக் காலனிகளுக்கும் அவரே சிபாரிசு செய்தார். குடியேறி பச்சையாகச் சொன்னதைப் பேரரசு இலக்கணமாக எழுதக் கற்றுக்கொடுத்தது. சண்டை சொல்லைப் பற்றியது, பொருளைப் பற்றியதல்ல.

விலையைப் பற்றியதும்கூட. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலியின் தலைக்கு வருடம் 25 பவுன் வரி போட வேண்டும் என்று நேட்டால் கேட்டது. வைஸ்ராய் எல்ஜின் மறுத்து, 3 பவுனுக்குச் சம்மதித்தார். சரித்திரத்தில் இது பேரரசின் தலையீடு. அந்தக் கூலியின் சம்பளம் மாதம் 10 ஷில்லிங்கில் தொடங்கியது. 3 பவுன் என்றால் அந்தக் கணக்கில் 6 மாதச் சம்பளம். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிற மாதிரி இரண்டு துரைமார் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசி முடித்த விலை அது. மாடு நின்றுகொண்டிருந்தது.

இதோடு நிறுத்தினால் தோழர்கள் சொன்னதே சரியாகிவிடும். ஆனால் 1913 இருக்கிறது. அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலையை நிறுத்தினார்கள். நவம்பரில் அது கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. ஆயிரக்கணக்கான பேர். அதற்குப் பிறகுதான், நவம்பர் 24இல், வைஸ்ராய் ஹார்டிஞ்ச் சென்னையில் பேசினார். சட்டத்தை மீறுகிறவர்கள் பக்கம் இந்தியாவின் அனுதாபம் இருக்கிறது என்று வெளிப்படையாகவே பேசினார். போத்தாவும் ஸ்மட்ஸும் கொதித்துப்போனார்கள். 1914இல் 3 பவுன் வரி போயிற்று. ஹார்டிஞ்சுக்கு நன்றி சொல்லிப் பழகியவர்கள் தேதியைக் கவனிக்க வேண்டும். வேலைநிறுத்தம் முந்தியது, பேச்சு பிந்தியது. அதே ஹார்டிஞ்ச் ஆட்சியில்தான் 1914 செப்டம்பரில் கனடா விரட்டிவிட்ட ‘கோமகாட்டா மாரு’ பயணிகள் மீது பட்ஜ் பட்ஜில் துப்பாக்கி வெடித்தது. துரைமாருக்குள் விரிசல் இருந்தது, சந்தேகமில்லை. வரியை அடியோடு ஒழிக்க அந்த விரிசல் மட்டும் போதவில்லை. வெட்டுகிறவன் கத்தியைக் கீழே போட்ட பிறகுதான் அது பிளந்தது. இலங்கையில் 54 சதத்தைக் கொடுத்த சட்டம், 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நின்ற கோவிந்தனைப் போலீஸ் குண்டிலிருந்து காப்பாற்றவில்லை.

மேலிடத்து நியாயவானை நம்பி மனு எழுதுகிற பழக்கம் வெள்ளைக்காரனோடு கப்பலேறிப் போய்விடவில்லை. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929இல் 99 வருடக் குத்தகை பிடித்தது பம்பாய் பர்மா கம்பெனி. அதன் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று ஊர்வலம் கலெக்டரிடம் மனு கொடுக்கத்தான் போயிற்று. கம்பெனிக்கு மேலே அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதாக நினைத்துப் போனார்கள். தாமிரபரணியில் 17 பேர்.

இனி நம் இலக்கியத்துக்கு. புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ 1935இல் மணிக்கொடியில் வந்தது. வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைக்குப் போன மருதியின் கதை. அதைச் சீர்திருத்தத்துக்கு முந்திய இருட்டின் கதையாகவே வாசித்து வருகிறோம். மானேஜர் கெட்டவன், கங்காணி கெட்டவன், பெண் பாவம், நோய் கொடிது. வருடத்தைப் பாருங்கள். துண்டு ஒழிந்து 14 வருடம். ஏஜெண்டு வந்து 12. கூலிச் சட்டம் வந்து 8. கதைக்குள் ஒரு தலைமுறை கடக்கிறது. துரைமாரின் வழக்கும் தீர்ப்புகளும் அதே தலைமுறையில்தான் நடந்தன. சீர்திருத்தத்தின் ஊடாகவே நடக்கிற கதையாக அதை இதுவரை யாரும் வாசித்துக் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. அப்படி வாசித்தால் மருதியைச் சீரழித்தது ஒரு துரையின் குணம் என்ற வசதியான பதில் நிற்காது. சட்டப்படி பெண்ணுக்கு 43 சதம். அரிசிக்குப் பிடித்தது போக, கங்காணி கணக்குப் போக, மருதி கைக்கு வந்தது எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே கதையைத் திரும்ப ஒரு முறை படித்துப் பாருங்கள்.