தூளி அசையாத நேரம்

அமெரிக்கக் கவிஞர் அட்ரியன் ரிச், 'மருமகள் ஒருத்தியின் நிழற்படங்கள்' என்று தமிழில் சொல்லத்தக்க தம் கவிதையை 1958க்கும் 1960க்கும் இடையில் எழுதினார். பிள்ளைகள் பகலில் உறங்கும்போதும், நூலகத்தில் கிடைத்த சொற்ப நேரத்திலும், விழித்துக்கொண்ட குழந்தைக்காக எழுந்த பின்னிரவு மூன்று மணிக்கும் துண்டு துண்டாகக் குறித்து வைத்தது அது என்று 1971இல் எழுதிய கட்டுரையில் சொல்கிறார். முப்பது வயது நிறைவதற்குள் அவருக்கு மூன்று மகன்கள்.

பெண்ணெழுத்து வகுப்புகளில் இந்தச் செய்தியை நாம் பயன்படுத்தும் விதம்தான் எனக்கு உறுத்துகிறது. "பிள்ளை தூங்கும் நேரத்தில்கூட எழுதியிருக்கிறார் பாருங்கள், மனமிருந்தால் மார்க்கமுண்டு" என்று மாணவிகளிடம் சொல்லி முடித்துவிடுகிறோம். விழித்திருந்த பகல் யாருடையது என்ற கேள்வி அங்கேயே புதைந்துபோகிறது. கணவர் ஹார்வர்டில் பொருளாதாரம் கற்பித்தவர். அன்பானவர், 'உதவி' செய்யவும் தயங்காதவர் என்று ரிச்சே எழுதியிருக்கிறார். ஆனால் அந்த உதவி பெருந்தன்மையாகவும் அவருடைய வேலையே வீட்டின் உண்மையான வேலையாகவும் கருதப்பட்டதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

குழந்தையின் பகல் தூக்கம் ஓய்வுநேரமன்று. இருபது நிமிடத்தில் முடியுமா, இரண்டு மணி நேரம் நீளுமா என்று தெரியாது. குக்கர் விசில் அடித்துவிடக் கூடாது, வாசலில் யாரும் கூப்பிட்டுவிடக் கூடாது. கை எதைச் செய்தாலும் காது தூளியிலேயே கிடக்கும். 'பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு' என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஊறவைத்த துணியை யார் அலசுவது என்று மட்டும் சொல்லமாட்டார்கள். புதிதாய்த் தகப்பனான ஆணுக்குக் குழந்தை கண்ணை மூடியதும் ஒரு வேலை முடிகிறது. அவளுக்கு மற்ற வேலைகள் தொடங்குகின்றன. 2019ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு அதில் நாளொன்றுக்கு 299 நிமிடம் போகிறது, ஆணுக்கு 97.

நம் பிள்ளைத்தமிழை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு என்பது வழக்கம். தால் பருவத்தில் நாவசைத்துத் தாலாட்டுகிறார்கள்; அடுத்த பருவத்தில் குழந்தை சப்பாணி கொட்டுகிறது. இடையில் அது தூங்கிய பொழுதுக்கு ஒரு பருவம் இல்லை. தாலாட்டியவள் அப்போது என்ன செய்தாள் என்று எந்தப் புலவரும் கேட்கவில்லை. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் துறவி. அவர் கேட்டிருக்கவும் வாய்ப்பில்லை.

ரிச்சின் கவிதையிலும் எண்ணிட்ட பத்துப் பகுதிகள்தான். ஆனால் அங்கே வளர்ச்சிப் படிநிலை ஏதுமில்லை. காட்சி தொடங்குகிறது, அறுபடுகிறது. வேறொருத்தி வருகிறாள், பாத்திரம் கழுவும் தொட்டி வருகிறது, படித்த புத்தகங்களின் வரிகள் குறுக்கிடுகின்றன. அதற்கு முந்தைய இரண்டு தொகுப்புகளில் இருந்த வடிவ ஒழுங்கு இதில் குலைந்திருக்கிறது. முழுப் பகல் கிடைத்திருந்தால் இந்தக் கவிதை இப்படி வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பெண்கள் நெடுங்கவிதை எழுதுவதில்லை, மூச்சு குறைவு என்று நம் இலக்கியக் கூட்டங்களில் ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. மூச்சை அளப்பவர்கள் மணிக்கணக்கையும் கொஞ்சம் அளக்கலாம். அதற்காக, துண்டு வடிவத்தை வெறும் இயலாமையின் தழும்பாகப் பார்ப்பதும் சரியல்ல. அப்படிப் பார்த்தால் அவளுடைய தேர்ச்சியையும் பறித்துக்கொள்கிறோம்.

மருமகள் கவிதையில் ரிச்சுக்கு 'நான்' என்று எழுதத் துணிவு வரவில்லை. கவிதை முழுவதும் 'அவள்'தான். இதையும் அந்த 1971 கட்டுரையிலேயே சொல்லிவிடுகிறார். 1976இல் 'இருபத்தொரு காதல் கவிதைகள்' வரும்போது இளைய மகனுக்குப் பதினேழு வயது. யாரும் தூங்குவதற்காக அவர் காத்திருக்க வேண்டியதில்லை. அப்போதும் எண்ணிட்ட பகுதிகளாகவே எழுதுகிறார், ஒன்றுக்கு மட்டும் எண் தராமல். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு எழுதிய அந்தக் கவிதைகளில் பேசுவது 'நான்'.