இடுப்பு ஆர்த்ராஸ்கோப்பி: வயது எவ்வளவு தூரம் பேசும்?

அமெரிக்காவில் கலிஃபோர்னியா, ஃபுளோரிடா ஆகிய இரண்டு மாநிலங்களின் மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2016-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. இடுப்பு மூட்டில் சாவித்துவார அறுவை சிகிச்சை, அதாவது ஆர்த்ராஸ்கோப்பி, செய்துகொண்ட 7,351 பேரின் தரவு அது. அதில் எத்தனை பேர் இரண்டு வருடத்துக்குள் முழு மூட்டையே மாற்றிக்கொள்ளும்படி ஆனது என்று பார்த்தார்கள். மொத்தத்தில் 11.7 சதவீதம். வயது வாரியாகப் பிரித்தால் 40-க்குக் கீழே 3 சதவீதம், 60-லிருந்து 69 வரை உள்ளவர்களில் 35 சதவீதம்.

இந்த 3-ஐயும் 35-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் ஒரே முடிவுதான் தோன்றும்: சின்ன வயசுன்னா பண்ணிக்கலாம், வயசாச்சுன்னா வேஸ்ட். எண்களில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவற்றை வாசிக்கும் விதத்தில்தான் பிரச்சினை. என் நண்பர் ஒருவருக்கு 46 வயது. லாப்ரம் கிழிந்திருக்கிறது என்று எழுதிய எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இரண்டு டாக்டர்களைப் பார்த்தார். ஒருவர் "நாற்பதைத் தாண்டிட்டீங்க, பிரயோஜனம் இல்ல" என்றார். இன்னொருவர் "இதுக்கு வயசே ஒரு விஷயமில்ல" என்றார். இரண்டு பேருக்கும் ஆதாரமாகக் கட்டுரைகள் கிடைக்கும் என்பதுதான் வேடிக்கை.

முதலில் சிகிச்சையைப் பற்றிக் கொஞ்சம். தொடை எலும்பின் பந்து போன்ற தலை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ரப்பர் வாஷர் மாதிரி ஒரு வளையம் உண்டு, அதுதான் லாப்ரம். சிலருக்குப் பந்து சரியான உருண்டையாக இருக்காது. கழுத்துப் பக்கம் கொஞ்சம் புடைத்திருக்கும். காலை நன்றாக மடக்கும்போது அந்தப் புடைப்பு விளிம்பில் இடித்து லாப்ரத்தையும் குருத்தெலும்பையும் சேதப்படுத்தும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைச் சேர்ந்த ராய்ன்ஹோல்ட் கான்ஸும் அவருடைய குழுவும் 2003-ல் இதைத்தான் மூட்டுத் தேய்மானத்துக்கு ஒரு காரணமாக முன்வைத்தார்கள். ஆர்த்ராஸ்கோப்பியில் காலை இழுத்து மூட்டைச் சற்றே திறந்து, சிறு துளைகள் வழியாக கேமராவையும் கருவிகளையும் நுழைத்து, புடைப்பைச் சீவிவிட்டு லாப்ரத்தைத் தைக்கிறார்கள். தேய்ந்துபோன குருத்தெலும்பைத் திரும்பக் கொண்டுவர இதனால் முடியாது.

இப்போது அந்த 35 சதவீதத்துக்கு வருவோம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்பது காய்ச்சல் மாதிரி உடம்பில் தானாக நடக்கும் நிகழ்வு அல்ல. டாக்டரும் நோயாளியும் சேர்ந்து எடுக்கும் ஒரு முடிவு. அந்த முடிவே வயதைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது! செயற்கை மூட்டுக்கு ஆயுள் உண்டு. 2019-ல் லான்செட்டில் வந்த கணக்குப்படி, 25 வருடம் தாக்குப்பிடிப்பவை சுமார் 58 சதவீதம். ஆகவே 65 வயதுக்காரர் வலி குறையவில்லை என்றால் மாற்றிவிடலாம் என்பார்கள். அதே வலி, அதே எக்ஸ்ரேயுடன் 34 வயதுக்காரர் போனால் "இன்னும் கொஞ்ச வருஷம் ஓட்டுங்க" என்பார்கள். முதல் நபர் தோல்விப் பட்டியலில் ஏறுகிறார். இரண்டாமவர் நொண்டிக்கொண்டே வெற்றிப் பட்டியலில் இருக்கிறார். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதைதான்: ரீ-ஓப்பன் ஆகாத டிக்கெட் எல்லாம் சரிசெய்யப்பட்ட பிழை என்று கணக்குக் காட்டுவது.

டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் மெல்பர்னில் இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டார், அப்போது வயது 30. வலி போகவில்லை. ஒரே வருடத்தில், 2019 ஜனவரியில், லண்டனில் ரிசர்ஃபேசிங் செய்துகொண்டார். தொடை எலும்புத் தலைக்கு உலோகத் தொப்பி போடும் முறை அது. அந்த அக்டோபரிலேயே ஆன்ட்வெர்ப்பில் ஒற்றையர் பட்டமும் வென்றார். அவர் உலகத்தரம் வாய்ந்த விளையாட்டு வீரர், அதனால் அந்த முடிவு 31 வயதில் சாத்தியமானது. அதே மூட்டோடு ஒரு பள்ளி ஆசிரியர் இருந்திருந்தால் இன்னும் பல வருடம் மாத்திரையில் ஓட்டியிருப்பார், எந்தப் புள்ளிவிவரத்திலும் வந்திருக்க மாட்டார்.

எதிர்ப்பக்கம் "வயசே விஷயமில்ல" என்பவர்கள் காட்டும் கட்டுரைகளில் வேறு ஓட்டை. ஐம்பதைத் தாண்டியவர்களும் இளைஞர்கள் அளவுக்கே முன்னேறினார்கள் என்று சராசரி மதிப்பெண் போட்டிருக்கும். கீழே சின்ன எழுத்தைப் படித்தால், மூட்டை மாற்றிக்கொண்டவர்களை அந்தச் சராசரியில் சேர்க்கவில்லை என்று பல கட்டுரைகளில் இருக்கும். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டுவதற்காகச் சுமாராகப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே டிசி கொடுத்து அனுப்பும் பள்ளிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வயது கூடக்கூட வெளியே அனுப்பப்படுபவர்கள் அதிகம், ஆகவே சராசரிக்குக் கிடைக்கும் உதவியும் அதிகம்.

இன்னொன்று, ஒப்பிட ஆளில்லாத "முன்பு-பின்பு" கணக்கு. பிரிட்டனின் ஃபேஷன் ஆய்வு (லான்செட், 2018) 348 பேரைச் சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்தது. 100-க்கு மதிப்பெண் போடும் கேள்வித்தாளில், அறுவை சிகிச்சைக் குழு ஒரு வருடத்தில் 39.2-லிருந்து 58.8-க்கு ஏறியது. ஏறத்தாழ 20 புள்ளி, பிரமாதம்! ஆனால் பிசியோதெரபிக் குழுவும் 35.6-லிருந்து 49.7-க்கு ஏறியிருந்தது. ஆரம்ப வித்தியாசங்களைச் சரிசெய்தபின் அறுவை சிகிச்சையின் கூடுதல் லாபம் 6.8 புள்ளி. நோயாளிக்கு உணரும்படியான குறைந்தபட்ச மாற்றம் என்று அவர்கள் வைத்த அளவு 6.1. லாபம் நிஜம், ஆனால் மெல்லியது. தவிர, யாருக்கு ஆபரேஷன் நடந்தது என்பது நோயாளிகளுக்குத் தெரியும். போலி அறுவை சிகிச்சையோடு ஒப்பிடவில்லை.

நாற்பதுக்கு மேல் உள்ளவர்களை மட்டும் வைத்தும் ஒரு குலுக்கல் ஆய்வு உண்டு. பாஸ்டனில் நடந்தது, 90 பேர், 2021-ல் வெளியானது. இதிலும் லாப்ரம் தைத்த குழு ஒரு வருடத்தில் முன்னால் இருந்தது. முதல் டாக்டரின் "பிரயோஜனம் இல்ல"வுக்கு இது நேரடி பதில். ஆனால் தேய்மானம் முற்றியவர்களை அதில் சேர்க்கவே இல்லை. பிசியோதெரபிக் குழுவில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நடுவிலேயே அறுவை சிகிச்சைக்கு மாறியும் விட்டார்கள்.

என் வாசிப்பு இதுதான்: வயது இங்கே ஒரு பினாமி. உண்மையான சொத்து குருத்தெலும்பின் பெயரில் இருக்கிறது. கொலராடோவின் மார்க் ஃபிலிப்பான் குழு 50 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தவர்களின் மூட்டு மற்றவர்களுடையதைவிட நன்றாகவே தாக்குப்பிடித்தது. வயது கூடக்கூட இடைவெளி குறைவதும் சகஜம் என்பதால் வயதே குற்றவாளி மாதிரி தெரிகிறது.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். 2012-ல் இடுப்பு வலியே இல்லாத 45 பேரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 69 சதவீதத்தில் லாப்ரம் கிழிந்திருந்தது. நாற்பதுகளில் இருக்கும் ஒருவரின் ரிப்போர்ட்டில் "கிழிசல்" என்று வந்தால், வலிக்கு அதுதான் காரணம் என்று அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

நண்பர் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கேட்பதற்கு மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். என் எக்ஸ்ரேயில் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர்? பிசியோதெரபியை ஒழுங்காக எத்தனை மாதம் செய்து பார்க்கலாம்? நீங்கள் செய்த என் வயதுக்காரர்களில் எத்தனை பேர் பிறகு மூட்டை மாற்றிக்கொண்டார்கள், அவர்களும் உங்கள் வெற்றிக் கணக்கில் இருக்கிறார்களா? மூன்றாவதைக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருக்கிறதாம். முதல் இரண்டையாவது கேளுங்க என்று சொல்லியிருக்கிறேன்.