வர்க்கமும் இனமும்: ஜெயக்குமார் தேவராஜின் கருத்தும் மலாக்காத் தோட்டப்புறமும்

டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்பீக்கிங் துரூத் டு பவர்' எனும் ஆங்கில நூல், மலேசிய மேம்பாட்டைச் சோசலிச நோக்கில் திறனாய்வு செய்வது. 2008 பொதுத்தேர்தலில் சுங்கை சிப்புட்டில் ச. சாமிவேலுவை வென்று, 2018 வரை அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் அவர். தோட்டத் தமிழர் ஏழையரானது தமிழராய்ப் பிறந்ததாலன்று, கூலியுழைப்பாளராய் வைக்கப்பட்டதாலேயே. ஆதலின் உதவி இனம் பாராது தேவை நோக்கி அளிக்கப்பட வேண்டும் என்பதே அவரும் மலேசிய சோசலிசக் கட்சியும் வலியுறுத்தி வந்த கருத்தின் சாரம் எனலாம். பேராக் தோட்டங்களிடையே உருப்பெற்ற இக்கருத்தை மலாக்காவில் வைத்து நோக்குதல் பயனுடையது.

மலாக்கா வரலாறு முதலில் அவர் பக்கமே நிற்கிறது. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட டான் சே யான் வெள்ளையரல்லர், சீன வணிகர். முதலாளியின் இனம் மாறியதால் மட்டும் பால்மரம் வெட்டியவரின் கூலி உயர்ந்துவிடவில்லை. 1967இல் அசகான் தோட்டத் தொழிலாளர் கோலாலம்பூர் நோக்கி நடந்ததும் தொழிலாளர் என்ற நிலையில்தான். ஒன்பதாவது மலேசியத் திட்டம் இந்தியரின் பங்குடைமையை 2020க்குள் 3 விழுக்காடாக்க இலக்கு வகுத்தது; அவ்விலக்கு நிறைவேறியிருந்தாலும் ஜாசின் வட்டாரத்துப் பால்மரத் தொழிலாளியின் கைக்கு எது வந்திருக்கும்? மாறாக, 2013இல் நடப்புக்கு வந்த 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் எவ்வினத் தொழிலாளிக்கும் உரியதாயிற்று.

ஆயினும் இக்கருத்து ஓரிடத்தில் தடைப்படுகிறது. 1956இல் தோன்றிய பெல்டா, நிலமற்ற ஏழையருக்கு நிலமளித்தது. குடியேறியோரில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர். துண்டாடலால் வேலையும் வீடும் ஒருசேர இழந்த தமிழரும் நிலமற்ற ஏழையரே. வர்க்கம் ஒன்றாயிருந்தும் வாயில் வேறாயிருந்தது. அடுத்து, 1968இன் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையற்றோர் வேலை செய்ய அனுமதி பெறவேண்டுமென்றது. ஆண்டுக்கணக்கில் உழைத்தவரும் அதனால் அயலாராயினர். இவற்றைக் கூலி, முதல் எனும் இரு சொற்களால் மட்டும் விளக்கிவிட முடியாது. துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் இங்கு எண்ணத்தக்கது. இன அரசியல் தலைவர் ஒருவர் தொடங்கியதாயினும், தொழிலாளர் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டம் வாங்கிய அமைப்பு அது. அதனை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

பள்ளியின் நிலை இன்னும் சிக்கலானது. மலாக்காவிலுள்ள தமிழ்ப்பள்ளிகள் 21. அவற்றுள் தோட்டத்தில் தோன்றியவை, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததும் மாணவரை இழந்தன. மருத்துவமனையும் குறைந்த விலை வீடும் தேவை நோக்கிக் கேட்கப்படலாம். தமிழ்ப்பள்ளியை அவ்வாறு கேட்க இயலாது. அது ஓரினத்தின் மொழி சார்ந்த உரிமை. ஜெயக்குமார் இன ஒதுக்கலை மறுப்பவரல்லர். எனினும் அதனை வர்க்கத்தின் நிழலாகவே காண்கிறார் என்பது என் கணிப்பு.

அதே தோட்டங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் செம்பனைக் குலை வெட்டுகின்றனர். அவர்களைப் பற்றிப் பேச நம் இன அரசியலிடம் சொல்லே இல்லை, அவரிடம் இருக்கிறது.